கண்டல்வெளி வாய்க்காலின் முழு ஆழம்

கண்டல்வெளியில் ஜமால்தீனை ஒரு விஷயத்தை நம்பவைப்பதைவிட எருமையைத் தென்னையில் ஏற்றுவது லேசு என்பார்கள். கடையில் சீனி நிறுத்தால் தராசின் அடித்தட்டைத் தடவிப் பார்ப்பார். மீன்காரன் "இண்டைக்குப் பிடிச்ச மீன்" என்றால் "எந்த இண்டைக்கு?" என்பார். பள்ளிவாசல் வாசலில் ஒரு செருப்பைக் கிழக்கே கழற்றினால் மற்றதை மேற்கே கழற்றுவார். ஒற்றைச் செருப்பை எவன் களவெடுப்பான் என்பது அவருடைய நியாயம். சொல்லக்கூடாது, அந்தச் செருப்பு ஒருநாளும் களவு போனதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருடைய ஊரில்தான் அறுபத்தாறாம் ஆண்டு அரசாங்கம் வாய்க்கால் வெட்ட வந்தது.

கிண்ணியாவுக்குத் தெற்கே, கடல் உள்ளே புகுந்து நிற்கிற களப்போரம் கிடக்கிற ஊர் கண்டல்வெளி. மாரியில் ஆறு கரை புரண்டால் வயல்வெளி முழுக்கக் குளமாகிவிடும். வந்த வெள்ளம் வடிய வழியில்லாமல் நிற்கும், பயிர் நின்ற நிலையிலேயே அழுகும். அந்த வெளியில் ஆகத் தாழ்ந்த துண்டு ஜமால்தீனுடையது. அதுவும் அவருடையது என்று சொல்ல முடியாது. ஒரே மகள் ஸுல்பிகாவுக்குச் சீதனமாகப் பேசிவிட்ட வயல் அது. மாப்பிள்ளையின் தகப்பன் அபூதாஹிர் நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கான மனிதர்.

"வீடு இரிக்கி, பாத்தன், சந்தோசம். ஆனா தண்ணிக்குள்ள கிடக்கிற வயல என்னெண்டு எழுதி எடுக்கிற? வாய்க்கால் வரட்டும். ரெண்டு போகம் பாத்திட்டு நாள் வெப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, வாய்க்கால் ஒழுங்காக வந்தால் கல்யாணம். வராவிட்டால் பிள்ளை வீட்டோடு.

வாய்க்கால் வெட்டுகிற கொந்தராத்து யாருக்குக் கிடைத்தது? முனாபுக்கு! ஜமால்தீனின் பெண்சாதி நபீஸாவின் கூடப்பிறந்த தம்பி. ஊர் முழுக்க "மச்சானுக்கு அடிச்சிது யோகம்" என்றது. ஜமால்தீனுக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றுகிறவன் முனாப். அரசாங்கக் காசு கையில் வந்தால் விடுவானா?

மண்வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று பின்னால் அளக்க வேண்டுமே, அதற்காக இடையிடையே தூண் மாதிரி மண்ணை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அதைச் சாட்சி என்பார்கள். சாட்சியின் தலையில் பழைய நிலத்துப் புல் அப்படியே இருக்கும். உச்சியிலிருந்து அடிவரை அளந்தால் வெட்டின ஆழம் வந்துவிடும், அதற்குத்தான் காசு. அளந்து முடிந்ததும் சாட்சியை இடித்துத் தள்ளிவிட வேண்டும். முனாப் சோம்பேறி. களப்புப் பக்கம் இரண்டு சாட்சிகளை இடிக்காமல் விட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த மாரியில் வெள்ளம் வந்தது, வாய்க்கால் வழியே வடிந்தது, வயல் விளைந்தது. ஜமால்தீனின் தாழ்ந்த துண்டுகூடப் பொன்னாய் விளைந்தது. நபீஸா தம்பியைக் கூப்பிட்டுக் கோழி அறுத்துச் சோறு போட்டாள். அபூதாஹிர் வரம்பில் நின்று தாடியைத் தடவி, "இன்னும் ஒரு போகம்" என்றார். வேறொருவர் என்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிப் படுத்திருப்பார். ஜமால்தீனுக்கோ எல்லாம் நல்லபடி நடந்ததே பெரிய சந்தேகமாகப் போய்விட்டது.

கோடையில் காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் இறங்கி நடந்தார். இடிக்காமல் விட்ட சாட்சியை வெள்ளம் ஒரு பக்கம் அரித்திருந்தது. அரித்த இடத்தில் இரண்டு கறுப்புக் கோடு தெரிந்தது. ஒரு நிலத்துக்கு எத்தனை புல்? ஒன்றுதானே! ஜமால்தீன் உச்சிப் புல்லைப் பிடித்து இழுத்தார். தொப்பி கழன்ற மாதிரி அது கையோடு வந்தது. அடியில் பொலபொலவென்று போட்ட மண், அதற்கும் அடியில் மக்கிப்போன பழைய புல். சாட்சிக்கு மேலே மண்ணைப் போட்டு உயர்த்தி, புல்லால் மூடி, இரண்டு முழம் ஆழத்தை முனாப் களவெடுத்திருந்தான்.

அந்தப் புல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் பாருங்கள், புதையல் எடுத்தவனுக்கு அவ்வளவு சந்தோசம் இருந்திருக்காது.

"இந்தா, உன்ட தம்பிர வேல!"

நபீஸா புல்லையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். "வயல் விளைஞ்சிச்சா இல்லியா? வெள்ளம் வடிஞ்சிச்சா இல்லியா? பொறகென்னத்துக்கு இந்தப் புல்லக் கொண்டுவந்து குசினிக்குள்ள போடுறீங்க?"

"அரகுற ஆழத்துக்கே இப்பிடி வடிஞ்சா, முழு ஆழத்துக்கு எப்பிடி வடியும்? எங்கட மகள்ட வயலுக்கு வந்த ஆழத்த அவன் திண்டிட்டான்!"

"கல்யாணம் முடியிற வரைக்கும் வாய மூடிக்கொண்டு இரிங்களன்."

"அப்ப உனக்கும் தெரியும்" என்றார் ஜமால்தீன். நபீஸா புல்லை அள்ளி முற்றத்தில் வீசினாள். பேசி என்ன பயன்?

ஜமால்தீன் சொல்லியனுப்பி, வாய்க்கால் வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியர் கிறிஸ்தோபர் திருகோணமலையிலிருந்து வந்தார். பாலையூற்றுக்காரர், அமைதியான ஆள். சாட்சியைப் பார்த்தார், குனிந்து மண்ணைக் கிளறினார், முகம் சிவந்தது.

"ஓம், களவுதான். இவரைக்கொண்டே மிச்சத்தை வெட்டுவிப்பன், ஒரு சதம் குடுக்கமாட்டன். ஆனால் இப்ப ஏலாது."

"ஏன் ஏலாது?"

"முழு ஆழம் வெட்டினால் வாய்க்காலின்ர அடி களப்புத் தண்ணி மட்டத்துக்கும் கீழ போயிடும். கோடையில உப்புத்தண்ணி ஏறும். பிளானில வாய்க்கால் வாயில ஒரு கதவு இருக்கு. ஆத்துத் தண்ணி வெளியில போகும், உப்புத்தண்ணி உள்ளுக்கு வராது. ஆனால் அந்தக் கதவு சரியான செலவு, காசு இன்னும் வரயில்லை. கதவைப் போட்டிட்டு வெட்டுவம். அதுமட்டும் இப்பிடியே கிடக்கட்டும்."

நியாயமான கதை. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் ஜமால்தீனின் கண் எஞ்சினியரின் கையில் இருந்தது. கையில் ஒரு இளநீர். அந்த இளநீரை வெட்டிக் கொடுத்தவன் முனாப்!

'ஆஹா, அப்பிடியா சங்கதி' என்று மனசுக்குள் சொன்னார். 'இண்டைக்குக் கதவு, நாளைக்குப் பூட்டு, நாளையிண்டைக்குத் திறப்பு. வீட்டுக்கே படலை இல்லாத ஊருல ஆத்துக்குக் கதவாம்!'

கிண்ணியாத் துறையில் பாதைப்படகு ஏறி, அக்கரையில் பஸ் பிடித்துப் பட்டணம் போய், பெட்டிசம் அடித்தார். அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று. முனாப் களவன், எஞ்சினியர் அவனுக்குக் கூட்டு, கதவு என்பது காசடிக்கிற சாட்டு, ஏழைகளின் வாய்க்காலை உடனே முழு ஆழம் வெட்டித் தரவேண்டும். எழுதிக் கொடுத்தவனையும் நம்பாமல், இன்னொருவனைக்கொண்டு வாசிக்கவைத்துக் கேட்டபிறகுதான் கையெழுத்து வைத்தார்.

இந்த நாட்டில் எந்தப் பெட்டிசத்துக்குப் பதில் வந்தது? இதற்கு வந்தது! முனாப் தன் செலவில் உடனே வெட்டவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. முனாப் வண்டியையும் மாட்டையும் விற்று ஆள் பிடித்து வெட்டினான். அக்காவின் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டான். ஜமால்தீன் தினமும் கரையில் நின்று, தானே சீவிய கம்பால் ஆழம் பார்த்தார். அடிமண் வழுவழுவென்று நீலமாக வந்தது. வெட்டுகிறவன் எவனாவது முதுகை நிமிர்த்தினால், "ஏன் நிக்கிறாய், யார் நிக்கச் சொன்ன?" என்பார்.

அடுத்த மாரியில் வெள்ளம் வந்த வேகத்திலேயே போனது. ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அபூதாஹிர் தானாகவே வந்து, "கோடைச் சிறுபோகம் வெட்டினவுடன நாள் வெப்பம் சம்பந்தி" என்றார். சம்பந்தி என்ற சொல்லை அவர் வாயில் ஸுல்பிகா அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டாள். குசினிக்குள் அவள் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

மழை ஓய்ந்து வெயில் ஏறியது. முந்தின கோடையில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் இந்தக் கோடையில் தண்ணீர் நின்றது. நல்லதுதானே என்றிருந்தார் ஜமால்தீன். பிறகு மாடுகள் அந்தத் தண்ணீரை மோந்துவிட்டுத் திரும்பி நடந்தன. நாற்று நுனி கருகியது. வரம்படியில் மண் வெள்ளையாகப் பூத்தது. ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு.

அந்த மனிதனுக்கு முதலில் என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முனாப் பழிவாங்க உப்பு மூட்டையைக் கொண்டுவந்து வயலில் கொட்டிவிட்டான்! பட்டப்பகலில் குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் காவல் இருந்தார். ஒருவரும் வரவில்லை. களப்பில் தண்ணீர் ஏற ஏற, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே வாய்க்கால் தண்ணீர் வயல் பக்கம் திரும்பி ஓடியது. ஒரு நுங்குக் கோம்பை அதில் மிதந்து மெதுவாக மேலே வந்தது. ஜமால்தீன் குடையை மடக்கினார்.

கச்சேரிப் பக்கம் ஓடினார், எஞ்சினியரைப் பிடித்தார். "ஐயா, அந்தக் கதவ..."

"கதவுக் காசைக் கொழும்பில வெட்டிப்போட்டினம்" என்றார் கிறிஸ்தோபர். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். "கதவு எண்டது காசடிக்கிற சாட்டு எண்டு ஊராக்களே எழுதியிருக்கினம், பிறகென்னத்துக்குக் கதவு எண்டு கேட்டினம். நான் என்ன சொல்ல?"

"திரும்ப மூடுவமா ஐயா? பழைய ஆழத்துக்கு?"

"அரசாங்கம் வெட்டின வாய்க்காலை மூடினால் அது வேற வழக்கு."

வருகிற வழியில் முனாபின் வீட்டுக்குப் போனார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் படியில் காலை வைத்தார். முனாப் எழும்பவில்லை, கதிரை போடவுமில்லை.

"மச்சான், உண்மையச் சொல்லு. உப்பு வரும் எண்டு தெரிஞ்சுதானே ஆழத்த விட்ட நீ? எங்கட நன்மைக்குத்தானே?"

ஓம் என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது ஜமால்தீனுக்கு. அவன் காலில் விழக்கூடத் தயாராக வந்திருந்தார். முனாப் ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"எனக்கு உப்பும் தெரியா, ஒரு மண்ணும் தெரியா. காசுக்குத்தான் களவெடுத்தன். உங்களுக்கு அந்தக் களவு நல்லா இரிந்திச்சி, நீங்கதான் விடல்ல. ஆப்பிழுத்த குரங்கு மாதிரி இழுத்துப்போட்டு இப்ப என்னட்டக் கேக்க வாறீங்க."

சிறுபோகம் வைக்கோலாகக்கூட வரவில்லை. அதோடு முடிந்ததா? வாய்க்காலில் உப்புத்தண்ணீர் ஏறியதும் இறாலும் ஏறியது. மூதூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவன் வந்து வாய்க்கால் வாயில் வலை கட்டினான், கூடை கூடையாக அள்ளினான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பள்ளிவாசல் முற்றத்தில் பேச்சு இப்படிப் போனது: "சும்மாவா ஒருத்தன் பாதை ஏறிப் போய்ப் பெட்டிசம் அடிப்பான்? சொந்த மச்சானக் காட்டிக் குடுப்பான்? இறால்காரன் காசு குடுத்திரிக்கான்." தொழுகைக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவன் அரைச்சாண் விலகி நின்றான்.

அபூதாஹிர் வந்தார். தேத்தண்ணி குடித்தார். வயலைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "மகனுக்கு அவசரம் ஒண்டுமில்ல. நீங்களும் வேற இடம் பாக்கிறதெண்டா நாங்க குறுக்க நிக்கமாட்டம்" என்றார். இந்தமுறை சம்பந்தி என்று சொல்லவில்லை.

அவர் எழும்பிப் போய்விட்டார். நபீஸா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஸுல்பிகா வெளியே வந்து வெறும் கோப்பையை எடுத்தாள். பிறகு அதைத் திரும்பவும் கீழே வைத்துவிட்டுத் தகப்பனின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அழுவாள், ஏசுவாள் என்று ஜமால்தீன் காத்திருந்தார். இரண்டுக்கும் அவர் ஆயத்தம்.

"வாப்பா" என்றாள் மெதுவாக. "அந்த இறால்காரன் எவ்வளவு தந்தவன்?"

"நீயுமா மகள்?"

"நான் ஏசல்ல வாப்பா. ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டன்." அவள் இன்னும் கிட்ட வந்தாள். அவள் கண்ணில் கோபம் துளியும் இல்லை, ஆசைதான் இருந்தது. "தந்திருந்தாச் சொல்லுங்க. அதக் குடுத்து மேட்டுப்பக்கம் ஒரு துண்டு வயல் வாங்கலாம். அவங்க திரும்பி வருவாங்க."

"ஒண்டும் தரல்ல புள்ள. அல்லாஹ்மேல சத்தியமா ஒண்டும் தரல்ல."

ஸுல்பிகா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய், அவருடைய அலுமாரியைத் திறந்து, அவர் கட்டுகிற, மடித்து வைத்திருந்த சாரங்களை ஒவ்வொன்றாக உதறித் தேடத் தொடங்கினாள்.