கம்பியில் போன டீ

“கொதிக்கக் கொதிக்க டீம்மா! கடையோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அத்தனை பேர் தலைக்கு மேல, கம்பியில அனுப்பினான் உங்கப்பன். ஒரு சொட்டு சிந்தல. நுரைகூடக் கலையல!”

கத்திரி மாமா இதைச் சொன்னபோது மகள் வாசலில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். காலையில் பாதி ஷேவ் பண்ணும்போதே போய்விட்டார். மறுபாதிக் கன்னத்தை மகள்தான் மழித்துவிட்டாள்.

“மெதுவாப் பேசுங்க மாமா. அம்மா இருக்காங்க.”

“அவ காதுல விழணும்னுதானே கத்துறேன்.”

அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தவள்தான். அழவில்லை, பேசவில்லை. சர்க்கரை நோய்க்காரி, ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. டீ டம்ளரோடு போன போதெல்லாம் மகள் அப்படியே திரும்பி வந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அம்மாவுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று அவள் பயந்தாள்.

அப்பாவோடு பழைய ஜவுளிக்கடையில் வேலை பார்த்த கூட்டம் வாசலை நிறைத்திருந்தது. லிஃப்ட்காரர் வலது கையை நீட்டிக் காட்டினார். “அந்த லிஃப்ட்டு கைப்பிடியைத் திருகித் திருகியே இந்தக் கை ஒரு சாண் நீண்டு போச்சு, தெரியுமா?”

“உன் லிஃப்ட்ல கல்யாணத் துணி எடுக்க ஏறினவங்க, இறங்கும்போது தொட்டில் துணியும் சேர்த்துல்ல கேட்டாங்க!” என்றார் கத்திரி மாமா.

விலைச்சீட்டு ஒட்டும் மெஷினோடு காலம் தள்ளிய லேபிள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினாள். “முதலாளி மத்தியானம் தூங்குறப்ப வழுக்கையில ‘டக்’குனு ஒட்டினது நான் இல்லப்பா. மெஷின் தானா அடிச்சிருச்சு.”

“தள்ளுபடிச் சீட்டு வேற!” என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

சிரிப்பு கிளம்பி, கண்ணாடிப் பெட்டி கண்ணில் பட்டதும் அடங்கியது. லிஃப்ட்காரர் மூக்கை உறிஞ்சினார். “எங்களை விட்டுட்டு கம்பி நீட்டிட்டானே, கம்பிப் பய.”

அப்பாவுக்குக் கடையில் அதுதான் பெயர். அவர் மேசைக்கு மேலேதான் கம்பி தொடங்கும். பில்லையும் பணத்தையும் ஒரு மரக்குப்பியில் போட்டு, மூடியைத் திருகி, பிடியை இழுத்துவிட்டால், குப்பி கம்பியில் சீறிப்போய் உயரத்தில் இருந்த காசாளர் கூண்டில் ‘டங்’கென்று இடிக்கும். கூண்டுக்குள் அம்மா. கடை மூடும்வரை கூண்டைவிட்டு இறங்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். ஒரு மழை நாளில் அவள் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் குப்பியில் டீ போனதாம்.

வீட்டில் அப்பா இந்தக் கதையை எடுத்தாலே அம்மா, “புளுகு. அப்படி ஒண்ணும் நடக்கல” என்பாள். அப்பா உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்றைய மழையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் கடை கொஞ்சம் நீளமாகும், டீ கொஞ்சம் சூடாகும்.

போர்த்துவதற்கு வெள்ளைத் துணி முழு உருளையாக வந்திருந்தது.

“கத்திரிக்கோல் எடுத்துட்டு வரேன் மாமா.”

“எனக்கா?” கத்திரி மாமா முறைத்தார். அந்தப் பெயர் அவருடைய விரல்களுக்கு வைத்தது. கூடத்துக்கு வந்து கையாலேயே அளந்தார். வழக்கம்போல நாலு விரல் கூடுதலாக விட்டார். விளிம்பை நகத்தால் கிள்ளி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். துணி சர்ரென்று நூல் பிடித்தாற்போல் கிழிந்தது.

கிழித்து முடித்த கையோடு, கடைப் பழக்கத்தில், “பில்!” என்று கத்திவிட்டார்.

கத்தியதோடு நில்லாமல் கூரையைப் பார்த்தார். லிஃப்ட்காரரும் பார்த்தார், லேபிள் அக்காவும் பார்த்தாள். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கத்திரி மாமா துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மகள் திரும்பினாள். அம்மாவின் தலை நிமிர்ந்திருந்தது. வலது கை தோளுக்கு மேலே உயர்ந்து, எதையோ வாங்கிக்கொள்வதுபோல விரிந்து நின்றது.

மகள் மெல்லப் போய் அந்தக் கையில் டீ டம்ளரை வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

அம்மா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். பிறகு கத்திரி மாமாவைப் பார்த்தாள்.

“புளுகாதீங்கண்ணே. ஒரு சொட்டு சிந்துச்சு.”

“என்ன தங்கச்சி?”

“அவருக்கு மூடியைச் சரியாத் திருகத் தெரியல.” இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். “இங்கதான். நல்ல சூடு.”