வியாழக்கிழமைப் படத்துக்கு வந்தவன்

வடகோடிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஸ்கார்விக் ஊர் நூலகத்தில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது நூலகம். ஒரு சுவர் தள்ளி நீச்சல்குளம் என்பதால், காதல் படமோ போர்ப் படமோ, எதைப் பார்த்தாலும் குளோரின் வாடையோடுதான் பார்க்க வேண்டும். நூலகர் குன்வோர் சக்கர அலமாரிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலிகளை விரிப்பாள். திரைப்படச் சங்கத்தின் தலைவர் ஓட்முண்ட், கார் ஏற்றும் படகில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர், வாஃபிள் என்கிற கட்டம் போட்ட அப்பம் சுடுவார். படம் முடிந்ததும் காப்பி, வாஃபிள், மேலே பழுப்புச் சீஸ், கூடவே அரைமணி நேரம் பேச்சு. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத ஊரில், கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப ஒரு காரணம் இருந்தாலே போதும்.

நான் அந்தச் சங்கத்தில் இல்லை. வருஷத்தில் பாதி கப்பலில் இருப்பவன். இதை எனக்குச் சொன்னவள் குன்வோர். அவள் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சோல்ஃப்ரிட் அந்தப் படங்களுக்குத் தவறாமல் வருவாள். அவளுடைய ஒரே பையன் சிந்த்ரே. இருபது வயதில் ஒரு டிசம்பர் இரவு, நண்பன் வீட்டிலிருந்து கடலோரச் சாலையில் நடந்து வந்தவனைக் கார் ஒன்று இடித்துவிட்டுப் போய்விட்டது. காலையில் பனி அள்ளும் வண்டிக்காரர்தான் ஓரத்துப் பனியில் அவனைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ஹோவார்ட் என்பவனைப் பிடித்துவிட்டார்கள். மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை பார்த்தவன், முந்தைய இரவு நன்றாகக் குடித்திருந்தான். காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. நீதிமன்றத்தில் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எதுவும் ஞாபகம் இல்லை. எப்படிக் கேட்டாலும் அதேதான். தண்டனை கொடுத்தார்கள். அனுபவித்தான். சோல்ஃப்ரிட்டின் கணவர் அதற்குள் அவளை விட்டு ட்ரோம்ஸோ நகரத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்த ஹோவார்ட் வேறு போக்கிடம் இல்லாமல், செத்துப்போன தன் அம்மாவின் வீட்டுக்கே திரும்பி வந்தான். மீன் பண்ணையில் வலை கழுவும் வேலை கிடைத்தது. கடையில் யாரும் அவனோடு பேச மாட்டார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும்.

அக்டோபர் மாதப் படத்துக்கு அவன் வந்தான். விளக்கை அணைக்கப் போன நேரம் கதவைத் திறந்து, தலையில் இருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் அகராதிகள் இருக்கும் மூலையில் போய் உட்கார்ந்தான். அறை விறைத்துவிட்டது.

ஓட்முண்ட் குன்வோரின் காதருகே வந்தார். "ஏம்மா, இவன் இங்க எதுக்கு? போகச் சொல்லு."

"எப்படிச் சொல்றது? இது நூலகம். யார் வேணும்னாலும் வரலாம்."

"சோல்ஃப்ரிட் உக்காந்திருக்கா, பாரு."

குன்வோர் பார்த்தாள். சோல்ஃப்ரிட் திரும்பி ஹோவார்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"படத்தைப் போடு, குன்வோர்," என்றாள். "எல்லாரும் காத்திருக்காங்க."

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் அவன் வந்தான். படம் முடிந்ததும் போய்விட மாட்டான். கோட் மாட்டும் கம்பி பக்கத்தில் நின்றபடி மற்றவர்கள் பேசுவதைக் கேட்பான். அவனுக்கு ஓட்முண்ட் வாஃபிள் கொடுத்ததில்லை. அவன் கேட்டதும் இல்லை. குன்வோர் மட்டும் ஒரு கோப்பை காப்பியைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைப்பாள். இரண்டு பேர் படத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். சோல்ஃப்ரிட் நிறுத்தவில்லை. அவளால் எப்படி முடிகிறது என்று ஊரே பேசிக்கொண்டது. மனசில் மன்னித்துவிட்டாள் போல என்றார்கள் சிலர். கல்நெஞ்சுக்காரி என்றும் சிலர் சொன்னார்கள்.

ஜனவரியில் ஒரு பழைய பிரெஞ்சுப் படம். ஆற்றில் ஓடம் ஓட்டும் ஒருவன், ஓடம் கவிழ்ந்து சிலர் செத்துவிடுகிறார்கள், விசாரணையில் அவன் தனக்கு எதுவும் நினைவில்லை என்கிறான். படம் தேர்ந்தெடுத்தது ஓட்முண்ட்தான். படகுக் கதை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். பாதிப் படத்திலேயே அவருக்கு வியர்த்துவிட்டது.

காப்பி நேரத்தில் சமாளிக்கப் பார்த்தார் ஓட்முண்ட். "மழையே ரெண்டு மணி நேரம் பெய்யுது. நம்ம ஊர்ல இதை ஓசியிலயே பார்க்கலாம்." ஓரிருவர் சிரித்தார்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி யோசிக்காமல் சொன்னாள்: "பாவம் அந்த ஓடக்காரன். அந்த மாதிரி அதிர்ச்சியில எல்லாமே மறந்துபோகும்னு சொல்றாங்களே."

"மறக்காது."

கோட் கம்பி பக்கமிருந்து வந்த குரல். நாலு மாதத்தில் அங்கே அவன் பேசிய முதல் வார்த்தை. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒண்ணும் மறக்காது," என்றான் ஹோவார்ட். "மறந்துட்டேன்னு சொல்லிட்டா, அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

காப்பிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கோட்டைச் சரியாகப் போட்டுக்கொள்ளாமலே வெளியே போனான். சோல்ஃப்ரிட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஓட்முண்ட் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். பிப்ரவரிப் படம் வியாழக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. நூலகத்தில் இல்லை, தேவாலயக் கூடத்தில். ஹோவார்டுக்கு மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

குன்வோர் சண்டை போட்டாள். "இது நியாயமில்ல, ஓட்முண்ட். ஒரு மனுஷனை ஒளிஞ்சு ஒளிஞ்சு வெளிய தள்றதா?"

"நூலகத்துல யாரையும் தடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன? சரி, நான் நூலகத்துல போடல. ப்ரொஜெக்டர் சங்கத்தோடது." அவர் குரல் தணிந்தது. "அன்னிக்கு அவ மூஞ்சியப் பார்த்தியா? அதை இன்னொரு தடவை பார்க்க என்னால முடியாதும்மா."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சிந்த்ரேயின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

செவ்வாய்க்கிழமை, நூலகத்தில் ஏதோ வேலை நடக்கிறது என்று நம்பித்தான் சோல்ஃப்ரிட் தேவாலயக் கூடத்துக்கு வந்தாள். கடைசி வரிசையைப் பார்த்தாள். படம் தொடங்கிய பிறகும் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து விளக்கைப் போட்டாள்.

"அவன் எங்க?"

ஓட்முண்ட் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "இனி வரமாட்டான், சோல்ஃப்ரிட். நாங்க பார்த்துக்கிட்டோம். நீ நிம்மதியா உக்காரு."

"என்ன பார்த்துக்கிட்டீங்க?"

சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். "உங்களை யாராவது கேட்டாங்களா? நான் கேட்டேனா?"

"உனக்காகத்தானேம்மா..."

"எனக்காகவா? நாலு மாசமா எதுக்கு இந்தக் கண்றாவிப் படத்தையெல்லாம் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்னு நினைக்கிறீங்க? வாஃபிள் திங்கவா? என் புள்ள சாகும்போது பக்கத்துல இருந்தவன் அவன் ஒருத்தன்தான். என்ன நடந்துச்சுன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். என் கண்ணு முன்னால உக்காந்து உக்காந்து ஒரு நாள் அவனே சொல்லுவான்னு காத்திருந்தேன். வாயைத் திறந்தான். திறந்த வாயை நீங்க மூடிட்டீங்க."

படம் விளக்கு வெளிச்சத்தில் வெளிறிப்போய்த் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சோல்ஃப்ரிட் கேட்டுக்கொண்டதால் குன்வோர் நூலகத்தைத் திறந்து வைத்தாள். திரையை இறக்கவில்லை. நாற்காலிகளை மட்டும் விரித்தாள், பழக்கத்தில். சோல்ஃப்ரிட் முன்வரிசைக்குப் போகாமல், அகராதி மூலையில் உட்கார்ந்தாள்.

வழக்கமான நேரத்துக்கு ஹோவார்ட் வந்தான். காலி நாற்காலிகளைப் பார்த்ததும் கதவிலேயே நின்றுவிட்டான்.

"இன்னிக்குப் படம் இல்ல," என்றாள் சோல்ஃப்ரிட். "செவ்வாய்க்கிழமையே போட்டாச்சு. உன்கிட்ட சொல்லல."

அவன் தலையாட்டினான். அதில் அவனுக்கு ஆச்சரியமில்லை. திரும்பிப் போகக் கிளம்பினான்.

"நில்லு. போகாத. உக்காரு."

குன்வோர் உள்ளறைக்கு நழுவப் பார்த்தாள். "நீயும் இரு," என்றாள் சோல்ஃப்ரிட். "நாளைக்கு நான் கேட்டது நிஜமான்னு எனக்கே சந்தேகம் வந்தா, உன்னைத்தான் கேப்பேன்."

ஹோவார்ட் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தான். குல்லாயைக் கையில் முறுக்கினான். சுவருக்கு அந்தப் பக்கம் குளத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் வண்டியை நிறுத்தினேன்," என்றான். "நிறுத்தாமப் போயிட்டேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நிறுத்தினேன். இறங்கினேன்."

"ம்."

"அவன் பனியில கிடந்தான். நான் கிட்டப் போறதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்துட்டான். கால்ல இருந்த பனியைத் தட்டிவிட்டான். எனக்கு அப்படியே உயிர் வந்த மாதிரி இருந்துச்சு."

சோல்ஃப்ரிட் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டேன். வேணாம், நான் நல்லாத்தான் இருக்கேன்னான். என் மேல சாராய வாடை அடிச்சிருக்கும். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க போங்க, போலீஸ் வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம், வீடு பக்கம்தான், நான் நடந்துடுவேன்னு சொன்னான்." ஹோவார்ட் மூச்சு வாங்கினான். "அவன் மூஞ்சி வெளுத்துக் கிடந்துச்சு. பேசும்போது பல்லு கிடுகிடுன்னு அடிச்சுது. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். போன்னு சொன்னானேன்னு சந்தோஷமாப் போனேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்."

உள்ளுக்குள் ரத்தக் கசிவு, அதன்மேல் குளிர் என்று அப்போதே டாக்டர் சொல்லியிருந்தார். உடனே செத்திருப்பான், வலி தெரிந்திருக்காது என்று பாதிரியார் சொன்னதைத்தான் இத்தனை வருஷம் சோல்ஃப்ரிட் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. கையை நீட்டி, அவன் மடியிலிருந்த குல்லாயை எடுத்துத் தரையில் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாதாம். அவன் குனிந்து எடுக்கவில்லை.

"இதைப் போலீஸ்ல போய்ச் சொல்லு," என்றாள்.

"சொல்றேன்."

"நாளைக்கே."

"நாளைக்கே சொல்றேன்."

அவன் போன பிறகு குன்வோர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சோல்ஃப்ரிட் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நான்தான் கத்துக் கொடுத்தேன், குன்வோர். அடுத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்காதே, எதுக்கும் அலட்டிக்காதே, சமாளிச்சுக்கோன்னு. மூணு வயசுல முட்டியில ரத்தத்தோட வருவான். நல்லாத்தான் இருக்கேன்மான்னு சொல்லுவான். எவ்வளவு சமத்துன்னு அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் பீத்திக்குவேன்."

குன்வோர் அவளுடைய கோட்டை எடுத்துவந்து மாட்டிவிட்டாள். அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

ஹோவார்ட் சொன்னபடி மறுநாள் போலீசுக்குப் போனான். எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். முடிந்துபோன வழக்கை மறுபடி திறப்பதா என்று மேலிடத்தில் யோசித்தார்கள். வேண்டாம் என்று வசந்தத்தில் முடிவானது. அதற்குள் நடந்தது முழுவதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மீன் பண்ணையில் அவனோடு ஒரே படகில் ஏற மாட்டோம் என்றார்கள். ஒரு நாள் அம்மாவின் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே எங்கோ போய்விட்டான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வீட்டை வாங்க இன்னும் ஆள் வரவில்லை.

ஓட்முண்ட் இரண்டு தடவை மருந்துக்கடைக்குப் போனார். முதல் தடவை இருமல் மருந்து வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பினார். இரண்டாம் தடவை, "தப்புப் பண்ணிட்டேன், சோல்ஃப்ரிட்," என்றார்.

"நீங்க அப்படிப் பண்ணலைன்னா இதை நான் கேட்டிருக்கவே மாட்டேன்," என்றாள் அவள். "அது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல. அடுத்தவங்க நிக்கிறாங்க, நகருங்க."

படம் மறுபடியும் நூலகத்துக்கே, வியாழக்கிழமைக்கே வந்துவிட்டது. ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். காப்பி நேரத்துப் பேச்சு முன்போல் இல்லை. நடிப்பு நன்றாக இருந்தது, இசை நன்றாக இருந்தது என்பதோடு எழுந்துவிடுகிறார்கள். சோல்ஃப்ரிட் வருவதில்லை. குன்வோர் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"கோபம் ஒண்ணும் இல்ல," என்றாளாம். "விளக்கை அணைச்சதும் அவன் எந்திரிச்சு உக்கார்றான். பனியைத் தட்டிவிடறான். அதுக்கு மேல உன் படத்துல என்ன ஓடுதுன்னே எனக்குத் தெரியாது."

இப்போதெல்லாம் குன்வோர் படத்தைப் போட்டுவிட்டு, சாவியை ஓட்முண்டிடம் கொடுத்துவிட்டு, நேரே சோல்ஃப்ரிட் வீட்டுக்குப் போகிறாள். இருவரும் சீட்டு விளையாடுகிறார்கள். சில நாள் சோல்ஃப்ரிட் கையில் சீட்டோடு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். குன்வோர் அவசரப்படுத்துவதில்லை. தன் முறை வரும்வரை காத்திருக்கிறாள்.