பிஷப் குடிக்காத தண்ணீர்

மகன் மயங்கி விழுந்துவிட்டான் என்று தொலைபேசி வந்தபோது, அவள் ஒரு பல் மருத்துவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அவளுடையது. பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேலேயே எந்நேரமும் கால் வைத்திருப்பாள் என்பதால் அவளுக்கு ‘பிரேக் மேடம்’ என்று பெயர் விழுந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குப் பிரேக் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. பல் மருத்துவரைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டு அவள் ஓட்டிய ஓட்டத்தில், மருத்துவமனை வாசலில் இறங்கியபோது அவரையும் சேர்த்துப் படுக்கையில் போடவேண்டும் போல இருந்தது.

மகன் கண்ணைத் திறந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது.

“உடம்புல தண்ணியே இல்லம்மா. கிட்னி ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கு” என்றார் மருத்துவர். “இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெயில்ல விட்டிருந்தா...” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார்.

“வழியெல்லாம் ஆள் நின்னாங்களேடா, ஒருத்தர்கூடவா தண்ணி குடுக்கல?” என்று மகனிடம் கேட்டாள்.

“குடுக்கக் கூடாதும்மா. பிஷப் ஓட்டம்.”

அந்தப் பெயரை அவள் திருமணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கணவரும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். ஆங்கிலிக்கன் சபை நடத்தும் ஆண்கள் பள்ளி. நூற்றைம்பது ஆண்டுப் பழமை. இறந்துபோன நான்கு பிஷப்புகளின் பெயரில் நான்கு அணிகள். முன்கூடம் முழுக்கக் கண்ணாடி அலமாரிகளில் கோப்பைகள். கிரிக்கெட்டுக்கு ஒரு சுவர், ஹாக்கிக்கு ஒரு சுவர், எப்போதோ நிறுத்திவிட்ட குத்துச்சண்டைக்குக்கூட ஒரு மூலை. எல்லாவற்றுக்கும் மேலே பிஷப் ஓட்டம். பள்ளியை நிறுவிய பிஷப், காலரா பரவியிருந்த ஒரு கோடையில், நோயாளிகளைப் பார்ப்பதற்காக மலையடிவாரம்வரை நடந்து போய்த் திரும்பினாராம். வழியில் எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம். சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் அந்தக் காட்சி இருக்கிறது: ஒரு பெண் குவளையை நீட்டுகிறாள், பிஷப் கையை உயர்த்தி மறுக்கிறார்.

அவர் நினைவாக ஆண்டுதோறும் நிறுவனர் நாளில் பள்ளி முழுவதும் அதே வழியில் ஓடும். ஓடி முடித்துச் சிற்றாலய மணியைத் தொடும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் அவன் அணிக்கு மதிப்பெண் போய்விடும். அன்று காலையிலேயே மாணவர் தலைவர்கள் வரிசையாகப் போய், வளாகத்துக் குழாய்களின் வாயில் ஊதாத் துணியைக் கட்டுவார்கள். அதற்கென்று ஒரு பாட்டுகூட இருந்தது.

இவ்வளவும் போதாதென்று, மயங்கி விழுபவனுக்கு ஒரு மரியாதை: ஊதா நாடா. அடுத்த ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் பார்க்க அவன் சட்டையில் குத்துவார்கள். அவள் கணவரும் ஒரு நாடா வாங்கியவர். அது சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைப் பற்றித்தான் கேட்கவேண்டும். கேட்காதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

மறுநாள் தலைமையாசிரியரும் பள்ளிப் பாதிரியாரும் மருத்துவமனைக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் கணவரின் வகுப்புத் தோழர். ஒல்லியாக இருந்ததால் அந்தக் காலத்தில் ‘ஊசி’. இப்போது ஊசிக்கு நல்ல தொப்பை.

“அப்பனுக்குப் பிள்ளை தப்பாமப் பொறந்திருக்கான்” என்று கணவரின் தோளில் தட்டினார். பிறகு ஒரு சிறிய பெட்டியைத் திறந்தார். “ஞாயித்துக்கிழமை இவன் ஆஸ்பத்திரியில இருப்பான்னு சொன்னாங்க. அதான் இங்கயே குத்திடலாம்னு.”

உள்ளே ஊதா நாடா. கணவரின் கண் கலங்கிவிட்டது, பெருமையில்.

அவள் கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“சார், ஒரு நிமிஷம். இவன் என்ன சாதிச்சான்னு இதைக் குத்துறீங்க?”

“கடைசிவரைக்கும் தண்ணி கேக்கல மேடம். அதான் எங்க பசங்க.”

“கேட்டேன் சார்” என்றது படுக்கையிலிருந்து ஒரு மெல்லிய குரல். “மைதானத்துக் குழாய்கிட்ட போனேன். சீனியர் ரெண்டு பேரு பிடிச்சு இழுத்துட்டாங்க.”

பாதிரியார் தரையைப் பார்த்தார். தலைமையாசிரியரின் சிரிப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை. “சீனியருங்க இவன் மானத்தைக் காப்பாத்தியிருக்காங்க” என்றார்.

அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. “மானத்தைக் காப்பாத்தினாங்களா? அப்ப உயிரை யார் சார் காப்பாத்துறது? அதுக்கு வேற ஸ்கூல் பார்க்கணுமா? பெட்டியை மூடுங்க. மூடிட்டுக் கிளம்புங்க.”

“ஏய், என்ன பேசுற?” என்றார் கணவர்.

“நீங்களும் வேணும்னா கூடவே போங்க.”

வீட்டில் அதற்குப் பிறகு பல நாள் பேச்சே இல்லை. பேசினாலும் அது சண்டையாகவே முடிந்தது. “என் வாழ்க்கையிலேயே பெரிய நாள் அது. உனக்கு என்ன தெரியும்?” என்பார் அவர். “மயங்கிக் கிடந்த உங்களுக்கு மட்டும் என்ன தெரிஞ்சிருக்கும்?” என்பாள் அவள். வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றால் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கதாம்மா இருக்காங்க. நான் எதுக்கு ஓடிப்போகணும்?” என்றான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஓடவேண்டியது இவன் இல்லையே.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றாள். மேடையில் நிர்வாகக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி, அவரும் பழைய மாணவர். பிஷப் ஓட்டத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார்: தன்னடக்கம், தியாகம், ஆண்மை. பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன், “ஆம்பளப் பசங்கன்னா கொஞ்சம் வாடி வதங்கித்தான் வரணும். பொத்திப் பொத்தி வளர்த்தா உருப்படுமா?” என்றார். கைதட்டல்.

“ஐயா, ஒண்ணு கேக்கறேன்” என்றாள் அவள். “பிஷப் ஏன் தண்ணி குடிக்கல?”

“அதுதான் அவருடைய மன உறுதி.”

“இல்லைங்க. அது காலராக் காலம். ஊர்த் தண்ணியைக் குடிச்சா செத்துருவோம்னு குடிக்கல. புத்திசாலி மனுஷன். உயிர் பிழைக்கணும்னு அவர் செஞ்சதை எடுத்து, நீங்க புள்ளைங்க உயிரை வாங்கறதுக்கு வெச்சிருக்கீங்க. அவர் இன்னிக்கு இருந்தார்னா, முதல் வேலையா உங்க குழாய்ல கட்டின துணியைத்தான் அவிழ்ப்பார்.”

பாதிரியார் இருமினார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வரலாற்றை அவ்வளவு எளிமையாப் பார்க்கக் கூடாதும்மா” என்றார். ஆராயக் குழு அமைக்கப்படும் என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அடுத்த விஷயம், கோப்பை அலமாரிகளுக்குப் புதிய விளக்கு.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஐந்தாறு தாய்மார் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “நீங்க கேட்டது ரொம்பச் சரி மேடம்.” “என் பையனுக்கும் போன வருஷம் வாந்தி.”

“இந்த வாயை உள்ள இருக்கும்போது எங்க அடகு வெச்சிருந்தீங்க?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். கேட்டது தப்பு என்று பாதி வழியில் தோன்றியது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

குழு ஒருமுறைகூடக் கூடவில்லை. அடுத்த நிறுவனர் நாள் வந்தது. முந்தைய ஆண்டைவிடக் கடும் வெயில்.

ஓட்டப் பாதையில் பாதி பொதுச் சாலை. பள்ளிக்குச் சொந்தமில்லை. மலையடிவாரத்திலிருந்து திரும்பும் வளைவில், தினமும் அவள் ஆட்களுக்கு வண்டி திருப்பக் கற்றுக்கொடுக்கும் அதே இடத்தில், பயிற்சி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்பக்கக் கதவைத் திறந்து, தண்ணீர் கேன்களையும் குவளைகளையும் எடுத்து மடக்கு மேசையில் வைத்தாள். கணவரும் கூட வந்திருந்தார். துணைக்கு என்று வரவில்லை. “நீ ஏதாவது ஏடாகூடமா செஞ்சா பிடிச்சு இழுக்க ஒரு ஆள் வேணும்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். பழைய மாணவர் சங்கத்து டையைக் கட்டியிருந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

முதலில் வந்தவர்கள் நெட்டையான பையன்கள். குவளையை நீட்டினாள். பார்க்காததுபோல ஓடினார்கள். அடுத்து ஒரு கூட்டம். ஒருவன் வேகத்தைக் குறைத்தான், சைக்கிளில் கூட வந்த மாணவர் தலைவன், “டேய், பாயிண்ட் போயிடும்!” என்று கத்தினான். வேகத்தைக் குறைத்தவனும் ஓடிவிட்டான். ஜன்னல்காரப் பிஷப் மாதிரியே ஒருவன் கையை உயர்த்தி வேறு காட்டினான்.

பிறகு அவள் மகன் வந்தான். இந்த ஆண்டு ஓடாதே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தாள். முகம் சிவந்து, வாய் திறந்து ஓடிவந்தவன் அவளைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனான். குவளை அவள் கையிலேயே இருந்தது. அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் மேல் அல்ல, இந்தச் சின்னப் பையன்களின் தாகத்தை அவர்களுக்கே எதிரியாக்கிவைத்தவர்கள் மேல் கோபம்.

கடைசியில் வந்தவர்கள் பொடியன்கள், குண்டர்கள், மூச்சு வாங்குகிறவர்கள். யாருடைய மதிப்பெண்ணுக்கும் உதவாதவர்கள். அதில் மூக்குக் கண்ணாடி போட்ட குண்டுப் பையன் ஒருவன் மேசைக்கு முன்னால் நின்றே விட்டான்.

“ஆன்ட்டி, நான் எப்படியும் கடைசிதான். குடிக்கட்டுமா?”

“குடி ராசா.”

மூன்று குவளை மடமடவென்று குடித்தான். நாலாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டு, “ஐயோ, சொர்க்கம்!” என்றான். அவ்வளவுதான். பின்னால் வந்த பொடியன்கள் மேசையை மொய்த்துவிட்டார்கள். ஒருவன் குடித்துக்கொண்டே அழுதான்.

மாணவர் தலைவன் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தான். மீசை அரும்பிய முகம். “மேடம், இதை எடுங்க. எங்க பாரம்பரியத்தைக் கெடுக்காதீங்க” என்று மேசையின் விளிம்பைப் பிடித்து இழுத்தான். ஒரு கேன் சரிந்து சாலையில் கொட்டியது.

வண்டிக் கதவு திறந்தது. கணவர் இறங்கினார்.

“கையை எடுடா” என்றார். பையன் அவருடைய டையைப் பார்த்துக் குழம்பி விலகினான். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியரின் காரும் வந்து நின்றது.

“என்னடா இது? உன் பொண்டாட்டிகிட்ட கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா? நாடா வாங்கினவன் நீ!”

கணவர், சாலையில் கொட்டிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஊசி, அன்னிக்கு நான் விழுந்தப்போ என்ன நினைச்சேன் தெரியுமா? செத்துட்டோம்னு நினைச்சேன். அம்மான்னு கத்தினேன். நீதான் பக்கத்துல இருந்தே, உனக்குத் தெரியும். இவ்வளவு வருஷமா அதைப் பெரிய வீரம்னு சொல்லிட்டுத் திரியறேன். இப்ப என் பையனும் அதைச் சொல்லணுமா?”

தலைமையாசிரியர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். “எல்லாரும் பார்க்கறாங்க” என்று மட்டும் சொன்னார்.

“பார்க்கட்டும்” என்றாள் அவள். “பார்க்கத்தானே சார் நடுரோட்டுல நிக்கறோம்.”

கணவர் டையைத் தளர்த்திக்கொண்டு, சட்டைக் கையை மடித்து, பொடியன்களுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். தலைமையாசிரியர் காரில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு ஒருவனும் மயங்கி விழவில்லை. தண்ணீர் குடித்தவர்களுக்கெல்லாம் மதிப்பெண் வெட்டினார்கள். நான்கு அணியிலும் குடித்தவர்கள் ஏறக்குறைய சமமாக இருந்ததால் வெட்டியதும் வெட்டாததும் ஒன்றாகிப்போனது.

வீட்டுக்கு வந்த மகன் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சொம்போடு தண்ணீர் குடித்தான். “எனக்கும் நிக்கணும்னுதாம்மா இருந்துது” என்றான். “எல்லாரும் பார்த்தாங்க.”

“தெரியும்டா” என்றாள்.

அடுத்த ஆண்டு பாதை நெடுக நீலக் குடைகள் முளைத்தன. ஒவ்வொன்றின் கீழும் தண்ணீர், ஒரு செவிலியர், பிஷப் படம் அச்சிட்ட பாட்டில்கள். நாடாவைப் பற்றி எவரும் மூச்சுவிடவில்லை. விழா மேடையில் தலைமையாசிரியர், “தாகத்தோடு இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பதே நம் நிறுவனர் காட்டிய வழி. தொடக்கத்திலிருந்தே மாணவர் நலன்தான் இப்பள்ளியின் பாரம்பரியம்” என்றார். நீதிபதி தலையாட்டினார். முதல் வரிசை கைதட்டியது. பின்வரிசைத் தகப்பன் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

அவள் எழுந்தாள். கணவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “அதான் தண்ணி வந்துடுச்சே. இன்னும் என்ன?”

“வந்தது தண்ணி மட்டும்தாங்க” என்றாள். “தப்புன்னு ஒரு வார்த்தை வந்துதா? இத்தனை வருஷமா விழுந்த பசங்களுக்கெல்லாம் யார் பதில் சொல்றது?”

கணவர் கையை எடுத்துவிட்டார். கைதட்டல் அடங்கும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள். பிறகு, மேடையில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்புவதற்குள், கூடம் முழுக்கக் கேட்கும்படி பேச ஆரம்பித்தாள்.