ஐந்தாவதாக வந்த மாட்டுவண்டி

செந்தமிழ்ச்செல்விக்கு வயிறு எரிந்தது. கள்ளக்குறிச்சியில் அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் ஆறு வருடமாக அவள் வைத்ததுதான் சட்டம். கரியாலூரிலிருந்து ஷாலினி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் முதலாளி தமிழரசனுக்கு வாய்க்கு வாய் ஷாலினி. கரும்பு ஆலை வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் போடும் மென்பொருள் வேலைக்கு யார் தலைமை என்பதைச் சோதனை ஓட்டம் முடிந்ததும் சொல்வதாக வேறு அறிவித்திருந்தார்.

ஆலை வாசலில் டிராக்டருக்கு ஒரு வரிசை, மாட்டுவண்டிக்கு ஒரு வரிசை. மாடு வெயிலில் நிற்காது என்பதால் வண்டிகளைத் தனியாகச் சீக்கிரம் அனுப்புவது அங்கே வழக்கம். இரண்டுக்கும் செல்வி தனித்தனியாக எழுதி வைத்திருந்த நிரலை ஷாலினி ஒரே இன்டர்ஃபேஸாக, இரண்டுக்கும் பொதுவான ஒரே அச்சாக, ஆக்கிவிட்டாள். எந்த வகை என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். அந்த அச்சை வைத்து ஒவ்வொரு வரிசையையும் நடத்தும் நிரல் பகுதியை, அதாவது கிளாஸை, எழுதுகிறவர் இது டிராக்டர், இது மாட்டுவண்டி என்று அங்கே குறித்தால் போதும். ஒரு வரிசையில் மற்ற வகை நுழையவே முடியாது. முந்நூறு வரி நாற்பதாகிவிட்டது. நல்ல யோசனைதான். அதுதான் செல்விக்குத் தாங்கவில்லை.

"அக்கா, கிளாஸ் எழுதறப்ப மறக்காம வகையப் போட்டுடுங்க," என்றாள் ஷாலினி.

"எனுக்கே சொல்லிக்குடுக்கிறியா? இன்னா நெனச்சிக்கினு இருக்க நீ?"

வீம்புக்கென்றே வகையைப் போடாமல் டிராக்டர் கிளாஸை எழுதினாள் செல்வி. நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தடுக்கவில்லை, மஞ்சள் எச்சரிக்கை ஒன்றைக் காட்டியதோடு சரி. அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அதே வேகத்தில், வாசல் திரைக்கான பகுதியில் மாட்டுவண்டி டோக்கனையும் டிராக்டர் வரிசையிலேயே சேர்த்துவிட்டாள், கவனிக்கவில்லை. வகை போட்டிருந்தால் கம்பைலர் அங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கும்.

சோதனை நாளன்று ஆலையில் நான்கு டிராக்டர்கள் ஒழுங்காகப் போயின. ஐந்தாவதாக வந்தது மாட்டுவண்டி. நிரல் அதனிடம் பதிவு எண் கேட்டது. மாட்டுவண்டிக்கு ஏது பதிவு எண்? திரை அப்படியே நின்றுபோனது. வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். ஆலை அதிகாரி சிரிக்கவில்லை.

"யாரு பண்ண வேலை இது?" என்று கத்தினார் தமிழரசன்.

ஷாலினி மடிக்கணினியைத் திறந்தாள். மஞ்சள் எச்சரிக்கையைப் பார்த்தாள், பிறகு செல்வியைப் பார்த்தாள். "என் தப்புதான் சார். நான் சரியா பாக்கல," என்றாள்.

தப்பித்தாயிற்று என்று மூச்சுவிட்ட செல்வி, தமிழரசனின் முகத்தைக் கவனித்தாள். கோபம் இறங்கி, அங்கே மரியாதை ஏறிக்கொண்டிருந்தது. தப்பை ஒத்துக்கொள்கிற பெருமையும் இவளுக்கேவா? தலைமை கையைவிட்டுப் போகும் என்று தெரியும். இருந்தும் இதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பொய் சொல்றா சார்," என்று முன்னால் வந்தாள். "வகையப் போடாம உட்டது நான்தாங்க."