மறைத்து வைத்த கை

பிரேதப் பெட்டியில் கிடந்த அத்தானுடைய வலக்கையை எடுத்து இடக்கையின் மேல் வைக்கச் சொன்னேன். மலர்ச்சாலைக்காரன் எதற்கென்று கேட்கவில்லை. வைத்துவிட்டுப் பூவைச் சரிசெய்தான். பாதியில் முடிந்த இடக்கைப் பெருவிரல் மறைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்று மாதத்துக்கு முன், தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம், கனடாவின் மார்க்கம் நகரில் மாப்பிள்ளையின் தகப்பன் இராசரத்தினம் வீட்டில் அக்கா மகள் தேனுகாவுக்குச் சம்பந்தம் பேசப் போயிருந்தோம். பெண்ணின் தகப்பனுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். என் வாய் சும்மா இருக்குமா? பக்டரியில் சுப்பவைசர் என்றேன். விரலைப் பற்றிக் கேட்டபோதும் நானே முந்திக்கொண்டு மெசின் என்றேன். இராசதுரை அத்தான் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். திரும்பி வரும்போது காரில் ஒன்று மட்டும் கேட்டார்.

"மாடு பாக்கிறது களவில்லைத்தானே?"

களவில்லை. ஆனால் அவர் பார்த்தது இறைச்சி மாடு. சிவபூசை செய்கிற இராசரத்தினத்தின் வீட்டில் அதை எந்த வாயால் சொல்வது? பத்து வருடம், மார்க்கத்துக்கு வடக்கே டக் என்ற வெள்ளைக்காரரின் பண்ணையில் மனுசன் மாடாய் உழைத்தார். வேலி கட்டினார், வைக்கோல் சுமந்தார், உறைபனியில் மாடு கன்று ஈனத் துணை நின்றார். லொறி வந்து இறைச்சிக்கு மாடு ஏற்றுகிற நாளில் மட்டும் லீவு கேட்பார். அன்றைக்குச் சோறும் இறங்காது. மற்ற லீவு நாட்களிலும் வீட்டில் தங்கமாட்டார். குளிர்காலமென்றால் சிம்கோ ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்துத் தனியே தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். வேலையால் வந்தால் ரூஜ் என்ற இடத்தில் இருந்த வீட்டின் கராஜில் நின்று, மாட்டைக் கூப்பிடுகிற அதே சத்தத்தில் அக்காவைக் கூப்பிடுவார். அக்கா துடைக்கத் துவாயும் உடுக்கச் சாரமும் கொண்டு ஓடுவா. நாற்றத்தோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். போன வியாழக்கிழமை வேலி திருத்தும்போது நெஞ்சு வலித்து அங்கேயே விழுந்துவிட்டார்.

மலர்ச்சாலை மண்டபம் நிறைந்திருந்தது. இராசரத்தினம் முன்வரிசையில் இருந்தார். அந்த நேரம் பார்த்து டக் உள்ளே வந்தார். கால் சப்பாத்தில் சேறு. நாலு வார்த்தை பேசவேண்டும் என்றார். மறித்தால் எல்லோரும் பார்ப்பார்கள். நானே தமிழில் சொல்கிறேன் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

மாட்டின் வயிற்றுக்குள் குறுக்கே சிக்கிய கன்றைத் தோள்மட்டும் கையை விட்டு இழுத்து, தாயையும் கன்றையும் காப்பாற்றினான் என்றார் டக். ஆபத்தில் இருந்த இரண்டு உயிரைக் காப்பாற்றியவராம் என்றேன் நான். பின்வரிசையில் இருந்த இளம் பெடியள் சிரித்தார்கள். ஆங்கிலம் விளங்காதவர்கள் அங்கே பத்துப் பேர் இருந்தால் அதிகம். பயத்தில் அதுகூட என் மண்டையில் ஏறவில்லை.

பிறகு டக் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாலு நாளாக மாடுகள் பட்டிக்கு வருவதில்லை. காட்டோரமாய் நிற்கின்றன. அவன் கூப்பிடுகிற ஒரு சத்தம் இருக்கிறது, அது எனக்கு வரவில்லை, இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேட்டு, கையை வாயருகே குவித்துக் காட்டினார்.

இதற்குத் தமிழில் என்ன பொய் சொல்லலாம் என்று தேடினேன். இராசரத்தினம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேனுகா எழும்பினாள்.

"மாமா, நீங்க இருங்கோ. அப்பா மாடு பாத்தவர். விரல் மாட்டுக் கயித்தில போனது, மெசினில இல்லை."

அக்கா அழுகையை நிறுத்தினா. அவவுக்கு ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் டக் குவித்துக் காட்டிய கை போதும். எழும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, இரண்டு கையையும் வாயருகே வைத்துக் கூப்பிட்டா.

"ஹே... ஓ... ஓய்..."

பத்து வருடம் கராஜில் கேட்ட சத்தம். அன்று அத்தானின் கையை மேசைக்குக் கீழே தள்ளியவன் நான்தான்.

தேனுகா பெட்டியடிக்குப் போய், தகப்பனின் இடக்கையை எடுத்து மேலே வைத்தாள். இராசரத்தினம் எழும்பினார். வாசலுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பெட்டியருகே வந்து நின்றார். கும்பிடவென்றுகூடக் கோட் பைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவில்லை. அந்தப் பாதி விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டக் மெதுவாய்க் கூப்பிட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. அப்படியில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அக்கா அவருக்காக மறுபடியும் கையை வாயருகே குவித்தா.