கடைசிப் பன்னிரண்டு குழல்கள்

டலேயாவின் கைப்பையில் இரண்டு மாதமாக ஒரு கடிதம் கிடந்தது. காது மங்கிவிட்டது, கிறிஸ்துமஸோடு வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள் என்று போதகருக்கு எழுதியது. நாலே வரி. முப்பத்து மூன்று வருஷம் ஆர்கன் வாசித்தவள் விடைபெற நாலு வரிதானா என்று அவளுக்கே கோபம் வந்தது. ஐந்தாவது வரி எழுத உட்கார்ந்தால் அழுகை வந்தது. போதும் போ என்று விட்டுவிட்டாள்.

எப்பேர்ப்பட்டவள்! கால்கட்டைகளை மிதிக்க உனக்கு உயரம் பத்தாது என்று இசைக் கல்லூரியில் ஒரு வாத்தியார் சொன்னதற்கு, செருப்படியில் தக்கை ஒட்டிக்கொண்டு வந்து பரீட்சையில் முதலாவதாகத் தேறியவள். பாரிசில் வாசித்தாள், பிராகில் வாசித்தாள். பெரிய பேராலயம் ஒன்று வா வா என்று கூப்பிட்டும் போகாமல், கிழக்கு ஃப்ரீசியாவின் இந்தக் கடலோர ஊருக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் இங்கே சுவரளவு உயர்ந்து நிற்கும் முந்நூறு வருஷத்துக் குழல் ஆர்கனுக்காக. அதிலும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தச் சின்னக் குழல் வரிசை என்றால் அவளுக்கு உயிர். பெரிய குழல்கள் முழங்கும்போது அது மட்டும் மேலே தனியாக மினுங்கும்.

கோடைக் கடைசியில், ஆகஸ்டில், கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். அந்த மாதம் முழுக்க ஊரில் இல்லாத டலேயா, செப்டம்பரில் வந்து உட்கார்ந்தபோது அந்த வரிசையின் கடைசிப் பன்னிரண்டு சுரங்களும் கேட்கவில்லை. அவள் அப்பாவுக்கும் இதே ஐம்பத்தெட்டு வயதில்தான் முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு வாசல் மணி. பிறகு அம்மாவின் குரல்.

கோயில்பிள்ளை வூப்போ கீழே மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை ஆர்கன் இருக்கும் மாடிக்குக் கூப்பிட்டாள்.

"வூப்போ, இந்தக் கட்டையை அழுத்துறேன். எப்படிக் கேக்குது, சொல்லுங்க."

அறுபத்தேழு வயது மனிதர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "அருமையா கேக்குதே. வெள்ளி மணி மாதிரி."

அவ்வளவுதான், தலையில் இடி விழுந்தது. இந்தக் கிழவருக்கே கேட்கிறது என்றால் கோளாறு குழலிலா இருக்கும்? குழல்களை எட்டிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் விரல் பழக்கத்தில் வாசித்தாள். சபையாரும் வழக்கம்போல நன்றாயிருந்தது என்று கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருஷா வருஷம் சுருதி சேர்க்க வரும் ஹாயோ, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தான். அவன் ஆர்கனின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். வெளியே ஒருவர் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடிக்க வேண்டும். எப்போதும் டலேயாதான். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள், வாய் வரவில்லை. இன்றோடு வெட்டவெளிச்சமாகட்டும் என்று பலகையில் உட்கார்ந்தாள்.

"அடுத்தது," என்றான் ஹாயோ உள்ளேயிருந்து. அடுத்ததை அழுத்தினாள். "அடுத்தது." அழுத்தினாள். சின்னக் குழல் வரிசையின் அந்தப் பன்னிரண்டு வந்தது. அழுத்தினாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயும் பேச்சு மூச்சில்லை.

"டலேயா, தூங்கிட்டியா? அழுத்து."

"அழுத்திக்கிட்டுதான் இருக்கேன்."

"எங்க அழுத்துற? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்குமா கேக்கல?"

உள்ளே ஏணி கிறீச்சிட்டது, ஏதோ உருண்டது, ஹாயோ யாரையோ திட்டினான். பிறகுதான் தெரிந்தது, தன்னையே திட்டிக்கொண்டான் என்று. தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தான். கையில் நீளமாக ஒரு கம்பளித் துணி.

"வெள்ளையடிக்கறப்ப தூசி விழக் கூடாதுன்னு நான்தான் மூடினேன். எல்லாத்தையும் எடுத்தேன், தூணுக்குப் பின்னால இது ஒண்ணை மறந்துட்டேன். ஏன் டலேயா, நாலு மாசமா பன்னெண்டு குழல் ஊமையா கெடக்கு. ஒரு போன் பண்ணக் கூடாதா நீ?"

கட்டையை அழுத்தினாள். ஊசி முனை மாதிரி அந்தச் சுரம் வந்து காதில் ஏறியது. அடுத்ததும் வந்தது. பன்னிரண்டும் வந்தன. நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே அழுதாள், வெட்கப்படவில்லை.

மூன்று கோப்பைத் தேநீரும் கற்கண்டுமாகப் படியேறி வந்த வூப்போ அப்படியே நின்றுவிட்டார்.

"வூப்போ," என்றாள், "வெள்ளி மணின்னு சொன்னீங்களே. இந்தத் துணியில எந்த மணி அடிச்சுது?"

கிழவர் துணியைப் பார்த்தார், ஹாயோவைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். காது வைத்தியரிடம் நாளை காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்ன சீட்டு.

"கேக்கலைன்னு சொன்னா, செவிட்டுக் கிழவனை எதுக்கு வெச்சிருக்கோம்னு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன், டலேயா. ஆறு மாசமா போதகர் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆமென் சொல்றேன்."

டலேயா கைப்பையைத் திறந்து தன் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்தார். நாலு வரிக்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"அடிப் பாவி," என்றார் மெதுவாக. "என் ஒரு பொய்க்காகவா?"

அவள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்து, வெகு நாளாக ஆடிக்கொண்டிருந்த பலகைக் காலுக்கு அடியில் செருகினாள். உட்கார்ந்து பார்த்தாள், ஆடவில்லை. பிறகு கடைசிக் கட்டையில் விரலை அழுத்தி, எடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப உண்மையைச் சொல்லுங்க. கேக்குதா?"

"கேக்குது தாயே," என்றார் வூப்போ காதைப் பொத்திக்கொண்டு. "காது கிழியுது. கையை எடு."