பாவப் புத்தகத்தில் ஒரு கல்யாணம்

அம்மா ஜனவரியில் செத்துப்போனாள். ஸ்காட்லாந்துக்காரர்கள் கப்பலேறி வந்து குடியேறிய எங்கள் கேப் பிரெட்டன் தீவில் அப்போது மண் பனியில் உறைந்து இரும்பாகக் கிடக்கும். மே மாதம் இளகும்வரை பெட்டி சர்ச்சுக்குப் பின்னால் உள்ள கல் அறையில் காத்திருக்க வேண்டும். குடும்பக் கல்லறையின் கம்பி வேலிக்குள் தன்னைப் புதைக்க வேண்டும் என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது. அந்த வேலியின் சாவி ரானல்டிடம் இருந்தது. அம்மா வழியில் தூரத்து உறவு, எனக்கு அண்ணன் முறை.

"முறையான வம்சத்துக்கு மட்டும்தான் அங்க இடம், மர்டீனா" என்றான். "இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்த லாக்லன் பெரியவர் கட்டுனது போதகர் பொண்ண; நாங்க அவ வம்சம். உங்க வம்சத்து முதல் பாட்டி ரேச்சல் அவர் வீட்டு வேலைக்காரி. அவ புள்ளைக்கு அவர் பேரக் குடுத்ததே பெரிய மனசு."

"கப்பலேறுறதுக்கு முன்னாடி ஸ்காட்லாந்துலயே அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சுன்னு அம்மா சொல்லுவாங்களே, அண்ணே?"

"ஸ்காட்லாந்து கல்யாணப் பதிவு பூரா நான் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. வேணும்னா பாவப் புத்தகத்துல தேடிப் பாரு, அங்கதான் இருப்பா!"

அவன் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். வாழ்நாள் முழுக்க 'வேலைக்காரி வம்சம்' என்ற பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள் என் அம்மா. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இவன் மூஞ்சியில் கரி பூசாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பாவப் புத்தகம் என்றால், அந்தக் காலத்தில் தப்பு செய்தவர்களை சர்ச் மூப்பர்கள் கூப்பிட்டுக் கண்டித்து எழுதிவைத்த குறிப்பு. இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். வம்சம் தேடுகிறவர்கள் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் பார்ப்பார்கள். இதை மட்டும் தொடமாட்டார்கள். தங்கள் பாட்டியே அதில் இருந்துவிட்டால்?

நான் தொட்டேன். கோழி கிளறிய மாதிரி எழுத்து. எங்கள் பெண்களைக் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதுவது வழக்கம் என்பதால், ரேச்சலின் பிறந்த வீட்டுப் பெயரான 'மொரிசன்' என்று தேடினேன். இரண்டு மாதம் கண் எரிந்த பிறகு, 1829இல் அகப்பட்டாள்.

"லாக்லன் மெக்காஸ்கிலும் ரேச்சல் மொரிசனும் போதகர் இல்லாமல், இரண்டு சாட்சிகள் முன் தங்களைக் கணவன் மனைவி என்று அறிவித்துக்கொண்டனர். இது ஒழுங்கீனம். சபை முன் கண்டிக்கப்பட்டனர். இனி மணமானவர்களாகவே கருதப்படுவர்."

அந்த நாட்டுச் சட்டப்படி அது செல்லுபடியாகும் கல்யாணம். அப்படியானால் அந்தப் படுபாவி லாக்லன் தான் மட்டும் முன்னால் கப்பலேறி வந்து, பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டியிருக்கிறான். மூன்று வருஷம் கழித்துப் பிள்ளையோடு வந்து இறங்கியவள் எங்கே போவாள்? புருஷன் வீட்டிலேயே துடைப்பம் எடுத்தாள். முதலில் அழுதேன். பிறகு சிரித்தேன்.

ஏப்ரலில் சர்ச் கூடத்தில் குடும்பக் கூட்டம். எழுந்து நின்று முழுதும் படித்தேன்.

"அண்ணே, முறையான வம்சம் மட்டும்தானே? அப்ப உங்க அப்பாவ எப்பத் தோண்டி வெளிய எடுக்கலாம்?"

யாருக்கோ டீ புரை ஏறியது. நான் நீட்டிய தாளை ரானல்ட் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"சரி, உங்க அம்மாவ உள்ளயே வெச்சுக்கோ. விடு."

"விடுறதாவது! நீங்க கயிறு புடிக்கணும்."

பெட்டியை இறக்கும் எட்டுக் கயிறுகளையும் ரத்த உறவுதான் பிடிக்கும். பிடித்தால், இவள் எங்களவள் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

"மாட்டேன்னா?"

"ஞாயித்துக்கிழமை இந்தத் தாள் சர்ச் கதவுல தொங்கும். ஊரே படிக்கட்டும்."

மே மாதம் மண் இளகியது. தலைமாட்டுக் கயிறு எனக்கு. கால்மாட்டுக் கயிற்றை ரானல்டிடம் கொடுத்தேன். வேலியைச் சுற்றி ஊரே நின்றது. அழ வேண்டிய நேரத்தில் அவன் கயிற்றைப் பிடித்துக் குனிந்து நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்; பொய் சொல்வானேன், நன்றாக இருந்தது.

பாதிக் குழியில் நிமிராமலே முணுமுணுத்தான்: "போதுமா, மர்டீனா?"

"போதாது, அண்ணே" என்றேன். "இன்னும் இறக்குங்க."